அழுமூஞ்சி வீட்டை வாங்கியவள்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பது அவளுடைய வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை ஊரே அவளைத் திட்டும். அவளே கம்பத்தில் ஏறிக் கம்பியை அறுத்துவிட்டு வந்ததுபோலத் திட்டும். அவள் திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. "எப்ப போச்சுங்க? வீடு முழுக்கவா, ஒரு ரூம்ல மட்டுமா? பக்கத்து வீட்ல இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதில் சொல்லச் சொல்ல எதிர்முனையில் கோபம் வடிந்துவிடும். வேலை செய்யும் இடத்திலும் சொந்தக்காரர்கள் நடுவிலும் அவளுக்குப் 'புகார் அக்கா' என்ற பெயர் நிலைத்தது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "ஒரு பழைய வீடு பாத்திருக்கேன். வாங்கிச் சரிபண்ணி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்" என்றாள்.

கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். நிதானமான மனிதர். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "நல்ல வேலை ஒண்ணு கையில இருக்கு. நமக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"என் வேலை காது கேக்கிற வரைக்கும்தாங்க. இப்பவே இடது காது பாதி விடுப்புல இருக்கு."

வீட்டைப் பார்க்கப் போனபோது வீட்டுத் தரகரே வாசலோடு நின்றுகொண்டார். மூலைவீடு, நல்ல வெளிச்சம், பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம். ஆனால் உள்ளே ஓதம் ஏறிய சுவர்களில் காரை உரிந்து, கூடத்தின் ஒரு பக்கம் எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. தெருவில் அதற்கு 'அழுமூஞ்சி வீடு' என்றே பெயர். வாங்கியவர்கள் எல்லாம் சீக்கிரமே விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் அது அவளுக்கு எட்டும் விலையில் வந்தது.

கணவரின் தங்கை, அவளுடைய நாத்தனார், வீடு பதிவான செய்தி கேட்டதும் நேரிலேயே வந்துவிட்டாள். "என்ன அண்ணி, வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டீங்களே!"

"ஓணானுக்கும் ஒரு மடி வேணும்ல" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு வேலை. அலுவலகத்தில் ஹெட்போனைக் கழற்றியதும் நேராக அழுமூஞ்சி வீட்டுக்குப் போவாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெயர்த்துப் போட்ட காரையைக் கூடையில் அள்ளுவாள். மேஸ்திரி கெட்டிக்காரர்தான். ஆனால் "இதோ கிளம்பிட்டேன்மா" என்று அவர் சொன்னால் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பொருள். அவரிடமும் அவள் சத்தம் போட்டதில்லை. "செருப்பு மாட்டிட்டீங்களா மேஸ்திரி? பஸ் ஏறிட்டீங்களா? எந்த ஸ்டாப் தாண்டியிருக்கு?" என்று இடைவேளை நேரத்தில் போன் மேல் போன் போடுவாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது மேஸ்திரி நகரமாட்டாரா? நகர்ந்தார். மொட்டை மாடித் தளத்தைக் கொத்தி எடுத்து, நீர் இறங்காத பூச்சுப் பூசினார். சமையலறைக்குப் புதுத் தரை வந்தது. கூடத்துச் சுவர் புதுப்பூச்சில் பளபளவென்று நின்றது.

பூச்சு காய்ந்த கையோடு மழை வந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது கூடத்துச் சுவரில் பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே ஈரம் படர்ந்திருந்தது. புதுப்பூச்சு பொருக்குத் தட்டிக் கீழே விழுந்து கிடந்தது.

மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். "தளத்துல தப்பு இல்லம்மா. எங்கிருந்து வருதுன்னே தெரியல." நாத்தனார் போனில், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். கணவர் செலவு எழுதிய நோட்டை எடுத்து மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. அன்று சமையலறையில் பாத்திரங்களை வேகமாகக் கழுவும் சாக்கில் கொஞ்சம் அழுதுகொண்டாள். சுவருக்குத் துணையாக நானும் அழுகிறேனே என்று அவளுக்கே சிரிப்பும் வந்தது.

அடுத்த விடுமுறை நாளில் தனியாகப் போய்க் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வெயில் கொளுத்தியது. சுவரைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கேள்வி கேட்டாள். எப்போது ஈரம்? எப்போதுமா, சில நேரமா? இங்கு மட்டுமா?

பக்கத்து வீட்டில் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், வெயிலில் அப்போதைக்குக் காய்ந்து வெளுத்துக் கிடந்த சுவரின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. அவள் கண்ணெதிரேயே அது உள்ளங்கை அகலமாகி, தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. மாடியில் ஒழுக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவருக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் போகிறது. குழாய் உடைந்திருக்கிறது. மழை, பாவம், வீண்பழி சுமந்திருக்கிறது.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேச்சை எடுத்தாலே மேஸ்திரி இரண்டடி பின்வாங்குவார். முன்பு இருந்தவர்கள் ஒவ்வொருவரும் குப்பை, வண்டி என்று ஏதாவது ஒன்றுக்காக அவரோடு மல்லுக்கு நின்று தோற்றவர்கள். "குழாய்னு வாயெடுத்தா கம்பை எடுப்பாரும்மா" என்றார்.

அவள் குழாய் என்று வாயெடுக்கவே இல்லை. அவர் வாசலில் போய் நின்று, "ஐயா, ஒரு சந்தேகம். நீங்க வந்து ஒருதரம் பாத்துச் சொன்னா உபகாரமா இருக்கும். அப்படியே வீட்ல அம்மாவை மோட்டார் போடச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவரிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சந்தேகம் கேட்டு யாரும் வந்ததில்லை. பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். மேஸ்திரி கதவோரம் ஒதுங்கி நின்றார். சுவருக்கு அப்பாலிருந்து, "போட்டாச்சு" என்று அவர் மனைவியின் குரல் கேட்டது.

தேநீர் பாதி குறைவதற்குள் புள்ளி விழுந்தது. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுவரில் கையை வைத்தார்.

"இது என் தண்ணியா?"

"உங்க தண்ணிதாங்க ஐயா. இவ்வளவு நாளா எங்க வீட்லதான் குடியிருக்கு. வாடகைதான் தரல."

பெரியவர் ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய மேஸ்திரிக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்த வாரமே பெரியவர் தம் செலவில் குழாயை வெளிச்சுவர் வழியாக மாற்றிக்கொண்டார். "எவ்வளவு நேரம் மோட்டார் ஓடினாலும் தொட்டி நிறையமாட்டேங்குதேன்னு நானும் மண்டையை உடைச்சிக்கிட்டிருந்தேன்" என்று அவளிடமே புலம்பினார். சுவரை நன்றாகக் காயவிட்டு மறுபடி பூசினார்கள். இந்த முறை வண்ணம் அடிக்க ஆள் வைக்கவில்லை. கணவர் தாமாகவே விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றார். மையோடு மை கலந்து கலந்து பழகிய கை. வெள்ளையில் துளி மஞ்சளும் துளியிலும் துளியாகச் சிவப்பும் கலந்து, இளவெயில் போல ஒரு நிறம் கொண்டுவந்தார். "எங்கேயும் இந்த நிறத்தை டப்பாவுல விக்கமாட்டான்" என்றார். முகத்திலும் அந்த நிறம் அப்பியிருந்தது.

மறு மழையில் சுவர் துளி ஈரமில்லாமல் உலர்ந்து நின்றது. அடுத்த மாதம் ஒரு செவிலியர் தன் அம்மாவோடும் மகளோடும் குடிவந்தார். தெரு இப்போது அதை 'மஞ்சள் வீடு' என்கிறது. தரகர் ஒருநாள் மூச்சுவாங்க வந்து, வாங்கிய விலைபோல இரண்டு பங்குக்கு ஆள் இருக்கிறது என்றார்.

"விக்கிறதுக்கு இல்லீங்க. வாங்குறதுக்கு இருந்தா சொல்லுங்க. இதைவிட மோசமா இருந்தாலும் பரவாயில்லை."

அலுவலகத்தில், "இனிமே ராஜினாமாதானே அக்கா?" என்று கேட்டார்கள். "ஏன், இங்க கத்துக்கிட்டதை வச்சுத்தானே அங்க பொழைக்கிறேன்" என்று சொல்லி அடுத்த போனை எடுத்தாள்.

அந்த வருடக் கடைசியில் இரண்டாவது வீடு பதிவானது. கதவு கரையான் அரித்தது, ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் பிற்பகல் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். கணவர் சாவியை வாங்கிக்கொண்டு, அவளுக்காகக் காத்திராமல், மேஸ்திரிக்குப் போன் போட்டபடியே அந்தத் தெருவை நோக்கி நடந்தார்.

"செருப்பு மாட்டிட்டீங்களா மேஸ்திரி?"