அச்சுக்காரர் செய்த கண் இடுக்கி

அச்சுக்காரர் தாத்தாவாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பட்டறையில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "பேத்தி எப்படிக் கொட்டாவி விடறா தெரியுமா?" என்று தானே விட்டுக் காட்டுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் இரும்பைக் குடைந்து பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு செய்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

அந்தச் சமயம் அவர் கையில் இருந்தது, கண் ஆபரேஷனுக்கான கரன்ட் இடுக்கியின் அச்சு. கண்ணில் கசியும் மெல்லிய ரத்தக்குழாயை இடுக்கி நுனியால் பிடித்து டாக்டர் பெடலை மிதித்தால், ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குக் கரன்ட் பாய்ந்து கசிவு அடைபடும். ஆளுக்கு ஒரு இடுக்கி, வேலை முடிந்ததும் குப்பைக்கூடை. தகட்டுக் கால்கள் இரண்டுக்கும் பிளாஸ்டிக் போர்த்திச் சேர்ப்பது அவர் அச்சு.

"ஒரு வாட்டி தொட்டுட்டுத் தூக்கிப் போடறதுக்கா இந்தப் பாடு?" என்பாள் மனைவி.

"தூக்கிப் போடறதாலதான்டி பெருமை. இன்னொருத்தர் கண்ணுல பட்டது உன் கண்ணுல படாது."

சோதனைக்கு ஒரு கிண்ணத்தில் முட்டையின் வெள்ளைக்கரு. நுனியில் பிடித்துப் பெடலை மிதித்தால் வெந்து வெள்ளைப் பொட்டு விழும். பட்டறையில் நூறு தடவை பிடித்தார்கள், நூறும் பொட்டு. கண் டாக்டர் வந்து பிடித்தார். பத்துக்கு நாலுதான்.

"வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை வரேன். அன்னிக்கும் இப்படின்னா, கழுவிக் கழுவி உபயோகிக்கிற பழசே எங்களுக்குப் போதும்" என்று எழுந்தார் டாக்டர்.

இடுக்கிக்குப் படம் வரைந்து கொடுத்த டிசைன் மேடத்தின் முகம் சுண்டிப்போனது. இடுக்கிக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அச்சுக்காரரோ பெட்டியையும் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் பார்க்கவில்லை. டாக்டரின் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரே ஒரு தரம். ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுன்னு நெனச்சுப் பிடிங்க."

டாக்டர் பிடித்தார். நகம் வெளுத்துவிட்டது. லென்ஸ் வழியே பார்த்தால், இரண்டு நுனியும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன! நுனியும் நுனியும் உரசினால் கரன்ட் குறுக்கு வழியில் ஓடிவிடும், நடுவில் இருக்கிறதை எப்படிச் சுடும்?

பட்டறையில் சேர்ந்த முதல் நாளே, "நுனி வளைஞ்சுடும், பூ மாதிரி பிடி" என்றுதான் எல்லோருக்கும் பாடம். அந்தப் பழக்கத்தில் நூறு தடவையும் பூ மாதிரியே பிடித்திருக்கிறார்கள். ஒருத்தராவது அழுத்திப் பார்க்கவில்லை.

"கால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு முட்டு வேணும்" என்றார் மேடம்.

"அச்சுல குழி வெட்டறேன். பிளாஸ்டிக்ல குமிழ் வந்துடும்."

"குழி கொஞ்சம் ஆழமாயிட்டா?"

"குமிழ் உசந்துடும், நுனி சேராது. அப்புறம் அச்சைப் பேப்பர் பறக்காம மேல வெச்சுக்கங்க."

சிரிக்கிற விஷயமில்லை. இரும்பைச் செதுக்கி எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வேறு அச்சு செய்ய நாளும் இல்லை.

கொஞ்சம் வெட்டுவார், ஒரு இடுக்கி வார்ப்பார், நகம் வெளுக்க அழுத்துவார். நுனி உரசினால் சோதனை விளக்கு எரியும். எரிந்தது. மறுபடி வெட்டினார். ஐந்தாவது இடுக்கியில் எரியவில்லை. ஆனால் மெல்லிசானதை விடாமல் பிடிக்குமா? தன் தலைமுடி பிடிபட்டது. அதில் திருப்தி வரவில்லை. அப்போதுதான் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த பேத்தியின் முடியைப் பார்த்தார். ஊதினால் காணாமல் போகும் முடி. மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தார். நழுவவில்லை. விளக்கும் எரியவில்லை.

"மேடம்! இங்க ஓடி வாங்க!"

வெள்ளிக்கிழமை டாக்டர் உட்கார்ந்தார். முதல் பொட்டு விழுந்தது.

"இன்னும் அழுத்துங்க" என்றார் அச்சுக்காரர்.

"உடைஞ்சா?"

"உடைஞ்சா என்னைத் திட்டுங்க. அழுத்துங்க டாக்டர்."

பத்துக்குப் பத்து. டாக்டர் வேறொரு இடுக்கியைக் கேட்டு வாங்கினார். அதிலும் பத்து. கிண்ணமெங்கும் வெள்ளைப் பொட்டு.

"எனக்கு எப்போ கிடைக்கும்?" என்று மேடத்தைக் கேட்டார்.

"அச்சு அவரோடது. அவரைக் கேளுங்க."

அச்சுக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "முதல் பெட்டி இடுக்கி திங்கக்கிழமை வந்துடும், டாக்டர். நல்லா அழுத்தியே பிடிங்க. அது தாங்கும்."