இழு, பிடி, விடு

1. மெஷினின் தமிழ்

"மூச்சை நல்லா இழுங்கோ அம்மா. அப்படியே பிடியுங்கோ."

மைக்கில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சீ.ரீ. ஸ்கான் மேசையில் படுத்திருந்த புவனேஸ்வரி மூச்சை இழுப்பார், பிடிப்பார். மேசை நகரத் தொடங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வரும், விட்டுவிடுவார். நெஞ்சு அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் சின்னக் கட்டி ஒன்று இருந்தாலும் கண்ணில் படாது.

அவருக்கு இடது மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்திருந்தது. கதிர்ச் சிகிச்சை வைக்க வெளியூருக்கு அனுப்ப முதல் நெஞ்சை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று டொக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கான் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் மெஷினைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். மூச்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இதயத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கோ என்று நோயாளியிடம் சொல்ல ஏலாது. குடலிடமும் சொல்ல ஏலாது. மூச்சு மட்டும்தான் தன்பாட்டிலும் நடக்கும், சொன்னால் கொஞ்ச நேரம் கேட்கவும் செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

மெஷினிலும் ஒரு குரல் உண்டு. பொத்தானை அமத்தினால் "மூச்சை ஆழமாக உள்ளிழுத்து நிறுத்தி வைக்கவும்" என்று செய்தி வாசிப்பது போலச் சொல்லும். வெருகலில் இருந்து வந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, படுத்தபடியே, "ஆரப்பா அங்க, றேடியோவை நிப்பாட்டுங்கோ" என்றார். அந்தக் குரல் என்னுடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

புவனேஸ்வரிக்கு அந்தக் குரலும் உதவவில்லை. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர், சிவராசா. சல்லிக் கடற்கரையில் மூழ்கித் தொழில் செய்பவர்.

"ஐயா, நான் சொன்னா அவ பிடிப்பா. வீட்டில பழக்கினது நான்தான்."

அவர்கள் வீட்டில் பழகியதற்குக் காரணம் இருந்தது. இடது மார்புக்குக் கதிர் வைக்கும்போது பக்கத்தில் இதயம் இருக்கிறது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் கதிரின் பாதையை விட்டு விலகிக்கொள்ளும். அதனால் வரும்போதே பழகிக்கொண்டு வரும்படி அந்த வெளியூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது ஐயா. எங்கட கரையில மூச்சுப் பிடிக்கிறதுக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார் சிவராசா.

அவரை உள்ளே கூப்பிட்டு மைக்கைக் காட்டினேன். ஏதோ குழந்தையின் காதுக்குள் சொல்வது போலக் குனிந்து பேசினார்.

"புவனம், நான்தான். கண்ணை மூடு. இழு... இன்னும் கொஞ்சம் இழு... பிடி. நான் இஞ்சதான் நிக்கிறன். பிடி... ஆ, இப்ப விடு."

படம் துடைத்துவைத்த கண்ணாடி போல வந்தது. மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்ததால், அதே வார்த்தைகளை அவரைக்கொண்டு திரும்பச் சொல்லவைத்து, மெஷினில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் பதிந்துகொண்டேன்.

2. மூச்சு ஏத்துறது

மருந்து ஏற்ற ஆயத்தம் செய்துவிட்டுத் திரும்பினால், மேசையில் எழுந்து உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி உஸ் உஸ் என்று வேகமாக ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிவராசா, "இன்னும் வேகமா, இன்னும்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"தலை சுத்துது. விரல் எல்லாம் விறைக்குது" என்றார் புவனேஸ்வரி.

"என்ன செய்யிறீங்கள்?" என்று கத்தியே விட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும்.

"மூச்சு ஏத்துறம் ஐயா. முதலே இப்படி ஏத்தி வைச்சா கூட நேரம் பிடிக்கலாம். தண்ணிக்குள்ள இறங்க முதல் நாங்கள் எல்லாரும் செய்யிறதுதான்."

புவனேஸ்வரியைப் படுக்கவைத்துவிட்டு அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, காத்து முடிஞ்சதால எங்களுக்கு மூச்சு முட்டுறதில்லை. உள்ளுக்குள்ள காபனீரொட்சைட்டு எண்ட கெட்ட காத்து சேரச் சேரத்தான் மூளை மூச்செடு, மூச்செடு எண்டு கத்தும். ஊதி ஊதி நீங்கள் காத்தைச் சேத்து வைக்கேல்லை. மூளையைக் கத்தவைக்கிற அந்த ஆளைத்தான் வெளிய துரத்துறீங்கள். பிறகு ஒட்சிசன் முடிஞ்சாலும் உங்களுக்கு ஒண்டும் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும். தரையில எண்டா விழுவீங்கள். தண்ணிக்குள்ள எண்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப அவவுக்கு வேண்டாம்."

"உங்களுக்கும் வேண்டாம்."

"கடல் எனக்குத் தெரியும் ஐயா" என்று சிரித்தார். மேசையில் படுத்தபடி புவனேஸ்வரி, "ஐயா சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றார்.

சிவராசாவின் தொழில் அப்படி. கரைவலை இழுக்கும்போது வலை அடியில் கல்லில் சிக்கிக்கொண்டால், சல்லியில் இருந்து நிலாவெளி வரை அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். சிலிண்டர் ஒன்றும் கிடையாது. முகக் கண்ணாடியும் ஒரு கத்தியும்தான். அவர் கீழே போய் வலையை விடுவிக்கும் வரை, கரையில் நிற்பவர்கள் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கதிர் வைத்து முடிந்ததும் இருவரும் ஒரு பை கணவாய் மீனோடு என்னிடம் வந்தார்கள். "அங்க வந்த ஆக்களில நான்தான் நல்லாப் பிடிச்சனானாம்" என்றார் புவனேஸ்வரி. பரீட்சையில் பாஸான பிள்ளையின் தகப்பன் மாதிரிப் பக்கத்தில் நின்றார் சிவராசா. அன்றைக்கும் நான் அவரிடம் மூச்சு ஏத்த வேண்டாம் என்றேன். "ஓம் ஐயா, ஓம்" என்றார்.

3. கரையில் நின்றவர்கள்

நிலாவெளிப் பக்கம் ஒரு காலையில் வலை சிக்கியிருக்கிறது. சிவராசா போயிருக்கிறார். பலமுறை இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மேலே வருவதும், உஸ் உஸ் என்று ஊதுவதும், திரும்ப இறங்குவதும்தான். கடைசி முறை வலை கழன்றது. அவர் வரவில்லை.

செத்தவீட்டில் கயிறு பிடித்தவர்களில் ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஆள் எண்டா உடனே குதிச்சிருப்பம் ஐயா. சிவராசா அண்ணன் எண்டபடியா, வருவார், வருவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிட்டம்."

எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். புவனேஸ்வரி சுவரில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "மூச்சு ஏத்த வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னதை எனக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லித் தந்தவர் ஐயா" என்றார்.

4. திரும்ப எடுத்த படம்

நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, சில மாதங்களுக்குப் பிறகு அவர் மறுபடியும் ஸ்கானுக்கு வந்தார். மெலிந்திருந்தார். நான் மைக்கைக் கையில் எடுத்தபோது மேசையில் இருந்து கேட்டார்.

"ஐயா, அவற்ற குரல் அதுக்குள்ள கிடக்கோ?"

கிடந்தது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"கிடக்கு அம்மா. ஆனா போட்டா அழுவீங்கள். அழுதா படம் கலங்கும். இண்டைக்குப் படம் கலங்கினா நோய் இருக்கோ இல்லையோ எண்டு டொக்டருக்குச் சொல்ல ஏலாது."

"அழமாட்டன். போடுங்கோ."

பொத்தானை அமத்தினேன்.

"புவனம், நான்தான். கண்ணை மூடு."

கண்ணை மூடினார். இழு என்றது, இழுத்தார். பிடி என்றது, பிடித்தார். நான் இஞ்சதான் நிக்கிறன் என்று அந்தக் குரல் சொன்னபோது இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நெஞ்சு மட்டும் ஒரு நூல் அசையவில்லை. விடு என்றதும்தான் மூச்சு வந்தது.

மேசையிலிருந்து இறங்கச் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு விடு எண்டு சொல்ல அவர் இருந்தவர். அவருக்குச் சொல்ல அங்க ஒருத்தரும் இல்லாமப் போச்சே ஐயா."

நோய் திரும்பவில்லை என்று டொக்டர் பிறகு சொன்னார். அதைப் புவனேஸ்வரி தனியாகக் கேட்டுக்கொண்டு, தனியாக பஸ் ஏறிப் போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மூச்சைப் பிடியுங்கோ என்று சொன்ன பிறகு நோயாளியின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். விடுங்கோ என்று நீங்கள் சொல்லும் வரை அந்த மூச்சு உங்கள் பொறுப்பு. நன்றாகப் பிடிக்கிறவர்தானே என்று ஒருபோதும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சிவராசா நன்றாகப் பிடிக்கிறவர்.