அம்மாவின் பெயருக்குக் கீழே

சென்ற மாதம் அம்மா மறைந்தபின், நேற்றுத்தான் தாம்பரம் ஆலயத்துக்குப் போனேன். திருவிருந்து மேசைத் துணியின் கஞ்சி மணம் காலைப் பிடித்து நிறுத்தியது.

ஞாயிறுதோறும் அத்துணியை அம்மாதான் வீட்டில் துவைப்பார். திராட்சரசக் கறை கரைந்த முதல் நீரைக் கொய்யாமரத்தடியில் ஊற்றுவார். ஒருமுறை நான் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

"டேய், ஆண்டவர் ரத்தம்டா அது!"

அன்று அவர் சாப்பிடவில்லை.

"சார், மூத்த உறுப்பினர்களுக்கு நினைவுக்கல் வைக்கிறோம். பேருக்குக் கீழ பொறுப்பு போடணும். அம்மா கமிட்டியில என்னவா இருந்தாங்க?" என்று நேற்று கேட்டார் ஆலயச் செயலாளர்.

"எதுலயும் இல்ல. துணி தொவச்சாங்க. அதையே போடுங்க."

"மத்தவங்கல்லாம் பொருளாளர், மூப்பர்னு இருக்கு சார். நல்லா இருக்குமா?"

"அதையே போடுங்க" என்றேன் மறுபடியும். அவர் 'திருவிருந்துத் துணி துவைத்தவர்' என்று எழுதி முடிக்கும்வரை எதிரே நின்றுகொண்டிருந்தேன்.