செல்லாத்தாள் கை நனைக்காத விருந்து

செல்லாத்தாள் யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. மாடு வாங்கப் போனால், விற்கிறவர் கறந்து காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வரமாட்டாள். சாயங்காலம் ஒருமுறை, விடிகாலை ஒருமுறை தானே உட்கார்ந்து கறந்து பார்த்த பிறகுதான் கயிற்றைப் பிடிப்பாள். மகள் கௌசிகாவுக்கு மாப்பிள்ளை பார்க்க மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் காபி டம்ளரைத் தொடவில்லை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் மனசுக்குச் சரியென்று படும்வரை கை நனைக்கக் கூடாது என்பது கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வழக்கம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. நாலாவது தடவை அவள் இலையில் உட்கார்ந்தபோதுதான் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு மூச்சே வந்தது.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அண்ணன் ரத்தினசாமி. எட்டாவது வரை படித்தவர். தங்கையை யாராவது சந்தேகப் பிராணி என்று சொன்னால், "அவ ஏமாந்து நான் பாத்ததில்லைங்க" என்று பேச்சை அதோடு முடித்துவிடுவார். புருஷன் போன பிறகு தென்னந்தோப்பையும் மாடுகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்தத் தோப்பு ஊர்க் குளத்தின் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நின்றால் அவள் கிணற்றில் ஊறும். குளம் காய்ந்தால் கிணறும் காயும். இரண்டு கோடையாகத் தென்னை மட்டைகள் துவண்டு தொங்கின. அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. டவுனின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, பைப்பில் கொண்டுவந்து, இந்தக் குளத்தில் விடப்போகிறார்களாம். அதற்கு முன் ஊராரிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம். மத்தியானச் சாப்பாடும் உண்டு.

"கூட்டத்துக்குச் சாப்பாடு எதுக்குங்ண்ணா?" என்றாள் செல்லாத்தாள்.

"நேரமாயிருமல்ல. பசியோட அனுப்ப வேண்டாம்னு போடுவாங்க."

"வாய்க்காலுக்கு எத்தன கூட்டம் போட்டாங்க. ஒரு வடையக் கண்ணுல கண்டோமா?"

ரத்தினசாமி யோசித்துப் பார்த்தார். கண்டதில்லை. அவருக்கும் சந்தேகம் தட்டியது.

கூட்டத்துக்கு வந்த இன்ஜினியர் ஜெஸ்னா சின்ன வயசுக்காரி. மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினாள். சுத்தம் செய்த தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தாள். தெளிவாகத்தான் இருந்தது.

"இது மாட்டுக்கு ஆகுமுங்களா?" என்று எழுந்தார் பக்கத்துத் தோட்டத்துத் தங்கதுரை.

"ஆகும் சேட்டா. டெஸ்ட் பண்ணியிருக்கு."

"டவுன்காரன் குளிச்ச தண்ணியில எங்க மாடு குளிக்கோணும். அதுக்கும் ஒரு மானம் இருக்குதல்லங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு நாற்றம் வருமா, கொசு வருமா, மீன் பிழைக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செல்லாத்தாளின் கண் மட்டும் ஜாடியில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பைப் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை போட்டார்கள். சாம்பார் மணம் கூடத்தை நிறைத்தது. செல்லாத்தாள் உட்கார்ந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. அவளைப் பார்த்து, பந்திக்கு எழுந்த தங்கதுரை மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரரான ரத்தினசாமிக்குப் பசி தாங்காது. சட்டைப் பையில் இருந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டார். அது அவர் வீட்டு பிஸ்கட்.

ஜெஸ்னா பதறிப்போனாள். "சத்தியமா இது பஞ்சாயத்துக் கிணத்துத் தண்ணியில சமைச்சது. அந்தத் தண்ணியில்ல."

"தண்ணியப் பத்தி இல்லைங்க" என்று ரத்தினசாமி கிட்டப் போய் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். ஜெஸ்னா கேட்டுவிட்டு நேராகச் செல்லாத்தாளிடம் வந்தாள்.

"என்ன சொன்னா நீங்க சாப்பிடுவீங்க சேச்சி?"

"அம்மிணி, இன்னிக்கு ஜாடியில இருக்கறது நல்ல தண்ணிதானுங்க. என்னைக்காச்சும் மிஷினு கெட்டுப்போயி அழுக்கு வந்தா, பைப்ப யாரு மூடுவாங்க?"

"பிளான்ட்ல இருந்தே மூடலாம். எல்லாம் ஆட்டோமேட்டிக்."

"வாய்க்கால் மதகும் அங்க எங்கயோ இருக்கறவங்க கையிலதான். நெல்லு அறுத்துக் களத்துல போட்டிருக்கறப்பத் தொறந்து விட்டாங்க. போன் பண்ணுனா எடுக்கல. மறுநா எடுத்தவரு, மேல சொல்லியிருக்குதுன்னாரு. நெல்லு மொளச்சுப்போச்சு."

ஜெஸ்னா சுவரில் இருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அத மாத்தற அதிகாரம் எனக்கில்லை. மேல கேட்டுட்டு வரேன்."

"கேட்டுட்டு வாங்க. சோத்த வீணாக்காம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் குடுத்துருங்க. அதுங்க சாப்பிட்டாச் சம்மதத்துல சேராது."

அந்தக் கோடையில் கிணறு அடி மண்ணைக் காட்டியது. "கிறுக்குப் பிடிச்சு, வந்த தண்ணியத் தொரத்திட்டா" என்று ஊரில் பேசினார்கள். ரத்தினசாமி அதற்கும் தன் பழைய வரியையே சொன்னார். ஆனாலும் தோப்புப் பக்கம் போகும்போதெல்லாம் காய்ந்த மட்டைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மழைக்கு முன் ஜெஸ்னா மறுபடி வந்தாள். வரைபடம் மாறியிருந்தது. பைப் முடிகிற இடத்தில், குளக்கரையிலேயே, கையால் திருகி மூடுகிற வால்வு. அதற்கு இரும்புக் கூண்டு. கூண்டுக்கு ஒரு பூட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

செல்லாத்தாள் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தன சாவிங்க?"

"ரெண்டு. ஒண்ணு உங்க ஊருக்கு. ஒண்ணு ஆபீசுக்கு."

செல்லாத்தாள் அந்தப் பூட்டை மேஜைமேல் வைத்தாள். தன் துணிப்பையைத் திறந்து வேறொரு பூட்டை எடுத்தாள். கனமான பூட்டு, இரண்டு சாவியும் ஒரே கயிற்றில் கோத்திருந்தன. அவள் அதை எப்போது வாங்கினாள் என்று ரத்தினசாமிக்கே தெரியாது.

"இதப் போட்டுக்கலாமுங்க."

"அவசரமா வால்வத் திறக்கணும்னா நாங்க என்ன செய்யறது சேச்சி?"

"எந்நேரம் ஆனாலும் போன் பண்ணுங்க அம்மிணி. நான் எடுப்பேன்."

ஜெஸ்னா சிரித்தே விட்டாள். கூட வந்திருந்த மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் இரண்டு பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சாவி இரண்டும் ஊரிடம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஊரார் முன்னால் சத்தமாக வாசிக்கவும் செய்தார்கள்.

இலை போட்டார்கள். செல்லாத்தாள் எழுந்து போய்க் கை கழுவி முதல் இலையில் உட்கார்ந்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி பந்தி முழுதும் நிறைந்தது. சோறு, சாம்பார், மோர் என்று வரிசையாக எல்லாம் சாப்பிட்டாள். பக்கத்து இலையில் இருந்த ரத்தினசாமிக்கு அன்று ரசம்கூட ருசித்தது. ஆனால் தங்கை பாயசத்தைத் தொடவில்லை. டம்ளர் வைத்தபடியே இருந்தது.

"எனக்குத்தான் சர்க்கரை. உனக்கென்ன?" என்று அவர் குனிந்து கேட்டார்.

"பைப்பு வரட்டுங்ண்ணா. ஒரு தடவ தண்ணி விடட்டும். நான் ஒரு தடவ மூடிப் பாக்கறேன்" என்றாள் அவள், டம்ளரை இலைக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு. "பாயசத்த அப்பறம் குடிச்சுக்கறேன்."