நான் பிரித்த தாயையும் மகளையும் கடவுள் சேர்த்து வைத்தார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சாந்தமான சாட்சி இல்லை. அந்த ஒரு வாரமும் நான் கோபத்தில் எரிந்துகொண்டிருந்தேன். அதிகாரி மேல் கோபம். என் கோயில் பங்கு மக்கள் மேல் கோபம். கடவுள் மேல் கோபம். எல்லாவற்றையும் விட என் வலது கை மேல் கோபம். ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்தது அந்தக் கைதான்.

என் பெயர் ஜெசிந்தா. குருநகரில் பிறந்தவள். அப்பா கடல் தொழில் செய்தவர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் அகதிகளுக்கான பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். பாதுகாப்பு என்றால் துவக்குப் பிடிப்பதல்ல. நாடு விட்டு வந்தவர்களின் பெயரைச் சரியாகப் பதிவது, குடும்பம் பிரியாமல் பார்ப்பது, திருப்பி அனுப்பிவிடாமல் சட்டத்தரணி தேடிக் கொடுப்பது. பதினொரு வருடமாக இதுதான் என் வேலை. இதில் நான் பிழை விடமாட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முந்திய வாரம், செவ்வாய்க்கிழமை காலை, பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய படகு மிதப்பதாகத் தகவல் வந்தது. பர்மாவில் இருந்து துரத்தப்பட்ட ரோகிங்கியா மக்கள். எஞ்சின் பழுதாகி, தண்ணீர் முடிந்து, நாட்கணக்காகக் கடல் இழுத்த பக்கம் வந்திருக்கிறார்கள். முதலில் கண்டது நம்முடைய மீனவர்கள்தான்.

நான் கரைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு சிறிய மீன்பிடி வள்ளத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளையை இறக்கினார்கள். ஐந்து வயதிருக்கும். யாரோ ஒருவர் உடுத்திய சாரத்தில் சுற்றியிருந்தார்கள். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. என்ன கேட்டாலும் வாய் திறக்கவில்லை. கொண்டுவந்தவர் மற்றவர்களை எடுக்க உடனே திரும்பிவிட்டார்; அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை. அம்புலன்ஸ் காத்து நின்றது. "படிவத்தைக் கெதியா நிரப்புங்கோ மிஸ்" என்று யாரோ பின்னால் கத்தினார்கள். உறவினர் எவரும் இன்றித் தனியே வந்த பிள்ளை என்ற கட்டத்தில் நான் சரி அடையாளம் போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

பெரிய படகைப் பின்னேரம்தான் இழுத்து வந்தார்கள். அதன் உள்ளே ஒரு பெண் நினைவில்லாமல் கிடந்தாள். அவளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பருத்தித்துறை ஆஸ்பத்திரியில். இருவரையும் யாரும் சேர்த்து நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பெண் கண் விழித்தாள். நான் போனபோது கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பிடுங்கிவிட்டு ஒரு பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். ருக்கியா. ருக்கியா. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தேன். அவள் பெயர் சபியா. மகளுக்கு ஐந்து வயது. இடது காதின் பின்னால் ஒரு தழும்பு. பிள்ளை சாகப்போகிறது என்று பயந்து, வந்த மீனவர்களிடம் முதலில் அவளைத்தான் தூக்கிக் கொடுத்தாளாம். உடனே பருத்தித்துறைக்குப் போய்ப் பார்த்தேன்; தனியே வந்ததாக நான் எழுதிய பிள்ளையின் காதின் பின்னால் அந்தத் தழும்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனேன். அவர் என் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்கடை கையெழுத்துத்தானே மிஸ்?"

"ஓம் சேர். பிழையா எழுதிப்போட்டன். அதைத்தான் திருத்தச் சொல்லுறன்."

"நாளைக்கு இன்னொருத்தி வந்து என்ரை பிள்ளை எண்டால் அவவுக்கும் திருத்துவீங்களோ?"

"காதுக்குப் பின்னாலை தழும்பு இருக்கெண்டு அவ சொன்னவ. போய்ப் பாத்தனான், இருக்கு."

"நீங்களே அவவுக்குச் சொல்லியிருக்கலாம்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "ஒருக்கால் ரெண்டு பேரையும் சந்திக்க விடுங்கோ சேர். பிள்ளை காட்டித் தரும்."

"உந்த வயசுப் பிள்ளை ஆரைக் கண்டாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும். மரபணுச் சோதனை செய்வம். ரெண்டு மூண்டு மாதம் செல்லும். அதுவரைக்கும் சிறுவர் இல்லம். திங்கக்கிழமை பகல் வாகனம் வருது."

அந்த இல்லம் இலங்கையின் மறுகரையில் இருந்தது. பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர்கூட அங்கே இல்லை. தாய்க்கு இதைச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். அவள் அன்றிலிருந்து சாப்பிடவில்லை.

படகில் வந்த மற்றவர்கள் சொன்னதையும் அதிகாரி ஏற்கவில்லை. பிள்ளையை வாங்கிய மீனவரைக் கண்டுபிடித்தால் போதும், அவர் சாட்சி சொல்வார் என்று நினைத்தேன். வெள்ளி பின்னேரமும் சனி முழுவதும் பருத்தித்துறைக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். "தெரியாது மிஸ்." "நாங்கள் அண்டைக்குக் கடலுக்குப் போகேல்லை மிஸ்." எல்லாருக்கும் தெரியும். முகத்தில் தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. ஒரு தாய் சாகக் கிடக்கிறாள், நீங்கள் வலை பொத்துகிறீர்களா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஞாயிறு எங்கள் பங்கில் விசுவாசிகளின் மன்றாட்டு வாசிக்கும் முறை எனக்கு. பூசைக்கு முன் கோயில் வாசலில் பாடகர் குழுவில் பாடும் ஒரு அக்கா கதைத்தது காதில் விழுந்தது. "எங்கடை சனத்துக்கே ஒண்டுமில்லை. உதுகளை ஏன் கரைக்கு இழுத்தவை?" அவர் இந்தியாவில் அகதி முகாமில் பதினைந்து வருடம் இருந்து திரும்பியவர். அவருடைய கடைசி மகன் அந்த முகாமில்தான் பிறந்தவன். எனக்குள் ஏதோ அறுந்தது.

மன்றாட்டு நேரம் வந்தது. தாளில் திருச்சபைக்காக, மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று இருந்தது. நான் தாளை மடித்து வைத்தேன்.

"ஆண்டவரே, நான் பிழை விட்டிட்டன். என்னைத் தண்டியும். ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்தது? கடலிலை சாக விடாமல் காப்பாத்திப்போட்டு, கரையிலை ஏன் கைவிட்டனீர்? இஞ்சை இருக்கிற நாங்கள் எல்லாரும் ஒரு நாள் பொட்டணியோடை ஓடின ஆக்கள். மறந்திட்டம். நடந்ததைக் கண்ட ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். அவன்ரை வாயைத் திறவும். நாளைக்குப் பகலுக்கிடையிலை திறவும். இல்லாட்டி இனி உம்மட்டை நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிதான் பீடத்தில் நின்று, மெதுவாக, தனியே பதில் சொன்னார்.

பூசை முடிந்து யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன். வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், ஐம்பது வயதிருக்கும்.

"தங்கச்சி, நீர் தேடுறது என்னைத்தான்."

அவர் பெயர் றெஜினோல்ட். பருத்தித்துறை மீனவர். மாமனாருக்கு முப்பத்தோராம் நாள் பூசை என்று அன்று குருநகருக்கு வந்திருக்கிறார். அந்தப் பூசைக்கு. என் மன்றாட்டு முறை வந்த அந்தப் பூசைக்கே.

நான் நன்றி சொல்லவில்லை. கத்தினேன். "அஞ்சு நாள் ஏனண்ணை வாய் திறக்கேல்லை?"

"பயம் தங்கச்சி. உதவின ஆக்களையும் ஆள் கடத்தின கேசிலை போடுவாங்கள் எண்டு கரையிலை கதை. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். பிள்ளையை வாங்கேக்கை மச்சான் என்ரை போனிலை வீடியோ எடுத்தவன். அதையும் அழிச்சுப்போட்டம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "ஆனால் அழிக்கமுதல் கனடாவிலை இருக்கிற தம்பிக்கு அனுப்பினனான்."

கோயில் வாசலிலேயே தம்பியை அழைத்தார். பத்து நிமிடத்தில் வீடியோ வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. கடல் ஆடுகிறது. "பயப்பிடாதேங்கோ, பிள்ளையைத் தாங்கோ" என்று றெஜினோல்ட் அண்ணை கத்துகிறார். சபியா மகளின் காதில் முத்தமிட்டு நீட்டுகிறாள். பிள்ளை தாயின் தலைமயிரை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுக்கிறார்கள். தானும் வர எழுந்த சபியா அப்படியே பின்னால் விழுகிறாள்.

திங்கள் காலை சுவாமி, சட்டத்தரணி, றெஜினோல்ட் அண்ணை, நான் நாலு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "எழுதித் தாங்கோ" என்றார். றெஜினோல்ட் அண்ணை தன் முழுப் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். பயம் போகவில்லை. வைத்தார். நானும் என் பிழையை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இல்லத்துக்கு ஏற்ற வந்த வாகனம் வெறுமனே திரும்பியது. பிள்ளையை எங்கள் வாகனத்தில் தாயிடம் கொண்டுபோனோம்.

பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கதவடியில் நின்றாள். தாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சபியா கட்டிலால் இறங்கித் தரையில் இருந்து கையை நீட்டினாள். பிள்ளை மெல்லப் போய், பொத்திய கையால் தாயின் தோளில் குத்தினாள். இன்னொரு தரம் குத்தினாள். ஏன் என்னைக் கொடுத்தாய் என்று கேட்டாள். ஆறு நாளில் அவள் கதைத்த முதல் வார்த்தை அதுதான்; தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் அழுதுகொண்டு அதை எனக்குச் சொன்னார். பிறகு தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. யாரோ ஒரு பெண்ணை அவள் அப்படி அடித்திருக்கமாட்டாள். தன் தாயைத்தான் அடித்தாள். மன்றாட்டில் நானும் என் பரலோகத் தகப்பனிடம்தான் கத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. சபியா தன் முறைப்படி நிலத்தில் தலை வைத்து நன்றி சொன்னாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எல்லாம் நலமாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவர்கள் இன்னும் ஒரு தடுப்பிடத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒரே பாயில். எந்த நாடு எடுக்கும் என்று தெரியாது. அந்தப் பாடகர் குழு அக்கா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. ஆனால் இப்போது எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கடைசிப் படகும் கரைக்கு வரும்வரை அந்தக் கட்டத்தில் நான் அடையாளம் போடுவதில்லை. பிழை விடமாட்டேன் என்ற பெருமையும் போய்விட்டது. அதற்கும் ஆண்டவருக்கு நன்றி.

பிரியமானவர்களே, கோபம் ஆறட்டும், பிறகு செபிப்போம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். அவர் தாங்குவார். உங்களில் யாராவது ஒன்றைக் கண்டும் பயத்தில் சொல்லாமல் வைத்திருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்கோ ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்கும் செபத்துக்குப் பதில் உங்கள் வாய்க்குள் இருக்கலாம்.