ஏழாம் எண் அறையின் உபரி வகைகள்

மூன்றாம் எண் அறைக்காரரின் செருப்பைக் கவிழ்த்து வராந்தாத் தூணில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் கன்னியப்பன். உதிர்ந்த மணலைக் குனிந்து பார்க்கிறார். "இது நடந்த மணல் இல்ல, உருண்டு பொரண்ட மணல்" என்று தமக்குத் தாமே தீர்ப்புரைக்கிறார். பிறகு மேசைக்குத் திரும்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அன்றைய பில்லில் ஒரு வரியைக் கூட்டுகிறார்: 'மணல் பெருக்கிய வகை, நாலணா.'

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், தேவதாஸ் முதலாளியின் மாடி விடுதியில் பில் எழுதுவது அவர் உத்தியோகம். அங்கே வந்து தங்குவோரில் பெரும்பாலார் சென்னைப் பக்கத்தார். சுங்கச் சாவடிகள் எடுபட்டுப் போய்விட்டன. பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தால் ஊர் வந்துவிடுகிறது. ஆயினும் அவர்களுக்கு இது இன்னும் அயல்நாடுதான். தங்கள் ஊரில் மருந்துக்கும் கிட்டாத பானம் இங்கே மேசைக்கு வருகிறது. போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி அணிந்து நிற்கிறார். தெருவின் பெயர் வாயில் நுழைய மறுக்கிறது. சீமைக்கு வந்துவிட்டோம் என்னும் களிப்பில் மிதப்பவர்களுக்குச் சீமை முறையில் பில் கொடுப்பதே தக்க விருந்தோம்பல் என்பது கன்னியப்பனின் கொள்கை.

அறை வாடகையை எழுதுகையில் அவர் கை சோம்பும். அது முதலாளி விதித்தது. கற்பனைக்கு அங்கே இடமில்லை. அதற்குக் கீழே வரும் உபரி வகைகளில்தான் பேனா துள்ளும். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சொல்லால் அவற்றைச் 'சுப்ளேமான்' என்று வாய்நிறையச் சொல்வார். சன்னலைத் திறந்து கடல் பார்த்த வகை. கொசுவலை இறக்கிய வகை. ஊரடங்கிய பின் கதவு திறந்துவிட்ட வகை. கடலில் குளித்த உப்புப் போக மறுபடி குளித்த வகை. வைத்திக்குப்பத்தில் கருவாடு காயும் நாளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அறைதோறும் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். மறுநாள் காலை அந்த ஊதுபத்தி பில்லிலும் மணக்கும். நயா பைசா புழக்கத்துக்கு வந்த இந்த ஆண்டில், ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று கேட்ட ஊரெல்லாம் அந்தக் கால் பைசாவை எங்கே வைப்பதென்று திகைத்து நிற்க, கன்னியப்பன் ஒருவர் மட்டும் மலர்ந்த முகத்தோடு 'சில்லறை முழுமை செய்த வகை' என்று ஒரு வரியைப் படைத்தருளினார்.

இவற்றில் ஒரு தம்பிடியும் அவர் சட்டைப்பைக்குப் போவதில்லை. எல்லாம் முதலாளியின் பெட்டிக்கே. சம்பளத்துக்கு மேல் அவர் அடையும் பேறு ஒன்றே: பில்லைப் படிப்பவரின் புருவங்கள், கோபுரத்தில் நிலைக்கு நிலை விளக்கேறுவது போல, வரிக்கு வரி உயர்வதைக் கண்குளிரக் காண்பது. பில்லின் உச்சியில் பிள்ளையார் சுழி இட்டே தொடங்குவார். தேவதாஸ் முதலாளி கிறிஸ்தவர். அதைப் பூ வேலை என்று எண்ணி விட்டுவிட்டார்.

நடவாததை எழுதுவதில்லை என்று ஒரு விரதமும் அவருக்கு உண்டு. "பொய்க்கணக்கு எழுதறவன் நரகத்துக்குத்தான் போவான். நான் நடந்ததத்தான் எழுதறேன். கடலப் பாத்தீங்களா, இல்லியா?" என்பார். கடற்கரையில் தங்கிக் கடலைப் பார்க்கவில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

அறை பெருக்கும் ஆயம்மாதான் அவரை விடாமல் சீண்டுவாள். "பில்லு எழுதற கிராணியாரே, எமன் உங்களக் கூட்டிம்போக வந்தான்னா, எருமைக்குத் தண்ணி காட்டுன வகைன்னு அவனுக்கும் ஒரு பில்லு நீட்டுவீங்க."

"எரும தண்ணி குடிச்சா நீட்டத்தான் நீட்டுவேன்" என்பார் அவர்.

தங்குவோரின் பெயரை அவர் படிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பதிவேட்டில் பெயர் எழுதும் பத்தியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அறை எண்ணை மட்டும் பார்ப்பார். "பேரப் படிச்சா மனுசன் ஆயிடுவான். மனுசன்னா எரக்கம் வந்துடும். நம்பர்னா கை நடுங்காது" என்பது அவர் கூறும் காரணம். இவ்வழக்கத்தால் நேரவிருந்த விபரீதம் சென்ற வைகாசியில் நேர்ந்தது.

கன்னியப்பனுக்கு வேம்பு என்று ஒரே மகள். அவளுக்கு முன்பு வந்த இரண்டு வரன்கள் கைகூடாமல் போயின. மூன்றாவதாக விழுப்புரத்திலிருந்து ஓரிடம் வந்தது. மனைவி ஆதிலட்சுமியின் அண்ணன் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையனின் தகப்பனார் ராஜாங்கம், விழுப்புரம் ரயிலடியில் சரக்கு ஆபீஸ் கிளார்க்கு என்பதைத் தவிர, கன்னியப்பன் அவர்களைக் கண்ணால் கண்டதில்லை. "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் கெணத்துல குதிப்பேன்" என்று ஆதிலட்சுமி காலையிலேயே அறிவித்திருந்தாள். "மொதல்ல தண்ணி இருக்குதான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அரைநாள் வேலையை முடித்துவர அவர் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து விடுதிக்குப் புறப்பட்டார்.

அன்றைக்கு அவர் நெஞ்சு மத்தளம் கொட்டியது. அந்தப் பூரிப்பில் எழுதிய பில்தான் ஏழாம் எண் அறையின் பில். சனிக்கிழமை மாலை வந்து தங்கிய மூவர். ஒரு பெரியவர், அவர் மனைவி, மீசை அரும்பிய முகத்தோடு ஒரு வாலிபர். இரவு உணவும் காலைப் பலகாரமும் விடுதியிலேயே உண்டார்கள். காப்பு முதல் மங்களம் வரை ஒரு பதிகம் பாடி முடித்தவர் போல அந்தப் பில்லை முடித்துக் கன்னியப்பன் நீட்டினார்.

பெரியவர் வாங்கிப் படித்தார். புருவம் ஏறியது.

"என்னாங்க இது, பில்லா, புராணமா?"

"எல்லாம் வகை வகையா எழுதியிருக்குதுங்க. எது வெளங்கலியோ கேளுங்க."

"கடல் பார்த்த வகைன்னு போட்டிருக்கீங்க. நாங்க சன்னலத் தொறக்கவே இல்லியே. சம்சாரத்துக்குக் காத்து ஆவாது."

"சன்னல் கதவுல இடுக்கு இருக்குதுங்க. தம்பி அந்த இடுக்கால பாத்தத ஆயம்மா பாத்துட்டா."

வாலிபர் தலைகுனிந்தார். பெரியவர் அடுத்த வரிக்கு இறங்கினார்.

"நாற்காலி யாத்திரை வகையா?"

"அறையில இருந்த நாற்காலி வராந்தாவுக்கு வந்துச்சுங்க. தானா நடந்து வருமா?"

"பல்லிக்குப் பலன் சொன்ன வகை, ரெண்டணா!"

"கெழக்குல பல்லி சொல்லிச்சே, என்ன பலன்னு ராத்திரி நீங்கதானே கேட்டீங்க? பஞ்சாங்கத்தப் பாத்துப் போற காரியம் ஜெயம்னு சொன்னேனே."

"ஜெயம் ஆவலன்னா?"

"ரெண்டணா வாபஸ்."

பெரியவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து, ரூபாயும் அணாவும் நயா பைசாவும் கலந்து மேசைமேல் வைத்தார். "ஐயா, வந்த சரக்க நேரத்துல எடுக்கலன்னா டெமரேஜ் போட்டு, வியாபாரிங்கள அழ வெக்கிறவன் நானு. விழுப்புரம் ரயிலடியில என் பேரச் சொன்னா மூட்ட கூட நடுங்கும். என்னையே அழ வெச்சிட்டீங்களே."

கன்னியப்பனின் காதில் விழுப்புரம் விழுந்தது. பிறகு ரயிலடி விழுந்தது. சரக்கு என்பது கடைசியில் வந்து நெஞ்சில் விழுந்தது. அந்த மேசையில் அமர்ந்த நாள்முதல் கேளாத கேள்வியை அன்று அவர் கேட்டார்: "ஐயா பேரு?"

"ராஜாங்கம். முத்தியால்பேட்டையில ஒரு பொண்ணு பாக்கணும். சம்பந்தம் முடிவாகறதுக்கு முன்ன பொண்ணு வீட்டுல கை நனைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல. அதனாலதான் இங்க தங்கிச் சாப்பிட்டு, உங்க கையில மாட்டிக்கிட்டோம். பொண்ணோட அப்பா ஏதோ ஓட்டல்ல மேனேஜராம். நல்ல மனுசன்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க" என்றார் கன்னியப்பன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர்களைத் தாமே வாசலுக்கு அழைத்துச் சென்றார். ரிக்‌ஷாக்கள் இரண்டைக் கைதட்டி அழைத்தார். முன்வண்டிக்காரரின் காதோடு காதாக, "நேரா போவாத. கலங்கர வெளக்கம், கவர்னர் மாளிகை, எல்லாம் நல்லா சுத்திக் காட்டிட்டு முத்தியால்பேட்டைக்குப் போ" என்று சொல்லி, கூடுதல் கூலியைத் தம் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உபரி வகையொன்றை அவரே சுமந்தது அதுவே முதல்முறை. வண்டிகள் தெற்கே திரும்பியதும், முதலாளியின் சைக்கிளைக் கேளாமலே எடுத்துக்கொண்டு வடக்கே பறந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிந்தார். நெற்றி நிறையத் திருநாமம் தரித்தார். தலையில் முண்டாசு கட்டினார். கடைசியாக மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டார்.

"என்னாத்துக்கு இந்த வேசம்?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"பேசாத. நான் யாருன்னு கேட்டா பொண்ணோட அப்பான்னு மட்டும் சொல்லு."

"வேற யாருன்னு சொல்லுவாங்க?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கண்ணாடி இல்லாத கன்னியப்பனுக்கு உலகம் பிரமம் போல வடிவற்றதாய்த் தோன்றியது. முன்னே நின்ற முதல் உருவத்தை நோக்கி ஓடினார். அதன் இரு கைகளையும் பற்றினார். "வாங்க சம்பந்தி, வாங்க! எங்க குடிசைக்கு வர நாங்க என்ன புண்ணியம் பண்ணோமோ!"

"சாமி, கைய விடுங்க. நான் வண்டிக்காரன்" என்றது அந்த உருவம். "நீங்க சொன்னாப்புல ஊர் பூரா சுத்திக் காட்டிட்டேன். கவர்னர் மாளிகைய மட்டும் ரெண்டு தடவ காட்டிட்டேன், பரவாயில்லிங்களா?"

தெருக்கோழி ஒன்று கூவி ஓய்ந்தது. வண்டியிலிருந்து ராஜாங்கம் மெல்ல இறங்கிவந்து, முண்டாசையும் நாமத்தையும் அவற்றினடியில் வேர்த்திருந்த முகத்தையும் உற்று நோக்கினார். உள்ளே வந்து பாயில் அமர்ந்தார். மனைவி மணியம்மாளும் மகன் கலியமூர்த்தியும் பக்கத்தில் அமர்ந்தார்கள். வேம்பு வந்து வணங்கி, தாம்பூலத் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆதிலட்சுமி எண்ணத் தொடங்கியிருப்பாள்.

ராஜாங்கம் சட்டைப்பையிலிருந்து அந்தப் பில்லை எடுத்து மடியில் விரித்தார். "நானும் கொஞ்சம் கணக்குப் பேசணும்" என்றார். "வெயில்ல ஊர் சுத்துன வகை."

"ஆவட்டுங்க" என்றார் கன்னியப்பன், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல.

"ஒரே மாளிகைய ரெண்டு தடவ பாத்த வகை."

"ஆவட்டுங்க."

"பொண்ணோட அப்பா வண்டிக்காரர் கையப் புடிச்சு சம்பந்தின்னு கூப்பிட்டதப் பாத்த வகை."

குனிந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. அச்சம், மானம், மகள் கல்யாணம் யாவும் அக்கணத்தில் அவருக்கு மறந்து போயின. "அது எப்படிங்க ஆவும்? அதுக்கு நீங்கதானே எனக்குத் தரணும்! வேடிக்க காட்டுனவன் நானு, பாத்தவங்க நீங்க. பாத்தீங்களா, இல்லியா?"

கதவோரத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் பார்க்க வந்தோர் முன்னிலையில் எந்தப் பெண்ணும் சிரிக்கத் துணியாத சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்தும் அடங்காத சிரிப்பு. ஆதிலட்சுமி மகளின் முழங்கையைக் கிள்ளினாள். பயனில்லை. அதுவரை பாயின் ஓரத்தை எண்ணிக்கொண்டிருந்த கலியமூர்த்தியும் சிரித்தார். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தொடங்கினார். ஓய்வதற்காக ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதனால் நிலைமை மேலும் மோசமாயிற்று.

"கேட்டுக்குங்க" என்றாள் மணியம்மாள் கணவரை நோக்கி. "நம்ம வீட்டுல இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தினி காலமாவுது! நீங்க டெமரேஜ் டெமரேஜ்னு பேசியே எல்லார் வாயையும் மூட்டையாட்டம் தச்சி வெச்சிருக்கீங்க. எனக்குப் பொண்ணப் புடிச்சுப்போச்சு."

ராஜாங்கம் மகனைப் பார்த்தார். மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆம் என்றோ அல்ல என்றோ சொல்லும் நிலையில் இல்லை. அதுவே போதிய விடையாயிற்று.

"பல்லி ரெண்டணாவ நீங்களே வெச்சுக்குங்க" என்று பெருமூச்செறிந்து, ராஜாங்கம் தோள்துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சம்பந்தியம்மா, இலையப் போடச் சொல்லுங்க."

போடமாட்டோமோ என்று அஞ்சியே காலையிலிருந்து சமைத்து மூடி வைத்திருந்தாள் ஆதிலட்சுமி. வாழையிலைகள் விரிந்தன. ராஜாங்கம் நீரை அள்ளி இலையைச் சுற்றித் தெளித்தார். சோற்றில் கை வைத்தார். வடையும் குழம்பும் ரசமும் முறையே வந்து முறையே மறைந்தன. பாயசப் பாத்திரத்தை மட்டும் கன்னியப்பன் எவரிடமும் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தாமே கொண்டுவந்தார்.

ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொன்றும் ஊற்றினார்.

"போதும், போதும்!" என்று ராஜாங்கம் இரண்டு கைகளையும் இலையின்மேல் குடையாக விரித்துக் குனிந்தார்.

கன்னியப்பன் முழந்தாளிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, விரல்களுக்கு நடுவே ஓரிடுக்கைக் கண்டுபிடித்து, அதன் வழியே மூன்றாவது கரண்டியைச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.