சகலையின் நீலம்

எல்லோரும் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் உயரமான கிரேன் ஓட்டுபவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக்கட்டுகளைத் தூக்கி மாடியில் இறக்குவார். ஊரிலேயே வானத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற ஆள் தான்தான் என்று அவருக்கு ஒரு மிதப்பு. அதில் மண்ணள்ளிப் போட்டவர் சகலை.

மனைவியின் அக்கா வீட்டுக்காரரான அந்தச் சகலை, கடலோர ஊரொன்றில் பள்ளி வேன் ஓட்டினார். காலையில் வண்டியைக் கிளப்புமுன் வானத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். துடைத்து வைத்தது போல அப்படியொரு நீலம். அதைப் பார்த்து, தன் அக்கா கொடுத்துவைத்தவள் என்று மனைவி பெருமூச்சு விடும்போதெல்லாம் கொக்கிக்கு வயிறு எரியும். அவர் கூண்டைச் சுற்றி இருந்த வானமோ அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஒரு நாள் மாலை சூரியன் செக்கச்செவேலென்று இறங்குவதைப் பிடித்து, வீம்புக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தச் சிவப்புல பாதி, புகையும் தூசியும் பண்ற வேலை. பகல்ல அதே தூசி எல்லா நிறத்தையும் ஒண்ணாச் சிதறடிக்கிறதாலதான் உங்க வானம் வெளுத்துப் போகுது."

"சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். நம் வானத்தைப் பற்றி நமக்கே பாடமா என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் ஊரெல்லையில் புகை கக்கிக்கொண்டிருந்த ஆலையைப் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தினார்கள். மழையும் கொட்டித் தீர்த்தது. மறுநாள் கூண்டில் ஏறி உட்கார்ந்தவர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டார். தலைக்கு மேல் அசல் நீலம். தூரத்தில், இத்தனை வருஷம் அவர் கண்ணில் படாத ஒரு மலைத்தொடர். கீழே இருந்தவர்கள் வாக்கிடாக்கியில் கத்துவதைக்கூடக் கவனிக்காமல் படமெடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் சகலை போன் போட்டுக் கேட்டார்: "இது எங்கேருந்து எடுத்த படம் தம்பி?"

அந்தக் குரலில் இருந்த புகைச்சல் கொக்கிக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

ஆலை மறுபடி ஓடியது. மலை மறைந்தது. இல்லாததற்கு ஏங்குவது ஒரு வகை, இருப்பதை எவனோ மறைத்து வைத்திருக்கிறான் என்று தெரிந்து பொருமுவது வேறு வகை. புகை வடிகட்டியை ஒழுங்காக ஓட்டச் சொல்லித் தெருக்காரர்கள் ஆலை வாசலுக்குப் போனபோது, என்றைக்கும் எதிலும் சேராத கொக்கி முன்வரிசையில் நின்றார்.

"நான் புகையில இருமினப்பல்லாம் அங்க போகாத மனுஷன், இப்ப மட்டும் எப்படி?" என்று மனைவி கேட்டாள்.

"பொறாமையிலதான் போறேன்னு வெச்சுக்கோயேன்."

வடிகட்டி இப்போது ஓடுகிறது, சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாட்களில் தவறாமல். சில காலைகளில் வானம் லேசாக நீலம் காட்டும். மலை வரை தெரிவதில்லை. கொக்கி இன்றும் எழுந்ததும் சகலையின் படத்தைத்தான் பெரிதாக்கி, எங்காவது அழுக்கு தட்டுப்படுகிறதா என்று தேடுகிறார். போன வாரம் ஒரு சாம்பல் தீற்றலைக் கண்டுபிடித்து, முகமெல்லாம் பல்லாக மனைவியிடம் காட்டினார்.

அவள் முந்தானையால் செல்போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். நீலம்தான் இருந்தது.